தோழியருக்குப் பட்டெடுத்த ஆரணிக் கடை

என் தங்கையின் திருமணம் வேலூர்க் கோட்டைக்குள் உள்ள தூய யோவான் ஆலயத்தில் நடக்கவிருந்ததால், வெள்ளைப் பட்டுடுத்தும் மணமகளின் அருகே நிற்கும் தோழியர் நால்வருக்கும் நிறம் தேர்ந்தெடுக்க, ஆரணியில் நெசவாளர் குடும்பமொன்று நடத்தும் சிறிய கடைக்குச் சென்றோம். நாங்கள் முதலில் கேட்டது வெங்காய நிறம். குழல்விளக்கின் கீழ் அழகாகத் தெரிந்த அந்தப் புடவையைக் கடைக்காரப் பெரியவர் வாசல் வெயிலில் கொண்டுவந்து விரித்தபோது, அது வெளிறி மணமகளின் வெள்ளையோடு கலந்துவிடும் என்பது எங்களுக்கே புரிந்தது. பிறகு மாந்தளிர், அரக்கு, மயில்கழுத்து என்று பொறுமையாக எடுத்துக் காட்டினார். மயில்கழுத்தில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒரு நிறமும் குறுக்கே ஓடும் ஊடை நூல் வேறொரு நிறமுமாக இருப்பதால் மடிப்புக்கு மடிப்பு சாயல் மாறுகிறது. வெவ்வேறு மேனி நிறமுடைய நால்வருக்கும் அதுவே பொருந்தியது. அத்தைக்கு மட்டும் இன்னும் அரக்கின்மீதுதான் கண்.

ஒவ்வொரு முறை சாயம் தோய்க்கும்போதும் நிறம் சற்றே வேறுபடக்கூடும் என்பதால், நான்கையும் ஒரே பாவில் நெய்து தருவதாகச் சொன்னார். நிறத்தில் இம்மியும் பிசகில்லை. ஆனால், சொன்ன தேதிக்கு ஒரு வாரம் பிந்தியே புடவைகள் வந்தன. ரவிக்கை தைக்கத் தையற்காரரிடம் கெஞ்ச வேண்டியதாயிற்று.