நானுஓயா ஏற்றத்துக்கு ரிகம்பன்ட் சைக்கிள்: சின்னப் பல்சக்கரத்தை மாற்றிவிட்டு ஓட்டுங்கள்

மல்லாந்து சாய்ந்து, காலை முன்னால் நீட்டி மிதிக்கும் ரிகம்பன்ட் சைக்கிளுக்கு வேகமான வண்டி என்று பெயர் கிடைத்தது சமதரையில். 1933 ஜூலையில் பிரான்சிஸ் ஃபோர் இப்படிப்பட்ட வண்டியில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓடினார். அடுத்த ஆண்டே சர்வதேச சைக்கிள் சங்கம் அதைப் போட்டிகளிலிருந்து விலக்கியது. அந்த வேகமெல்லாம் காற்றைக் கிழிப்பதில் வருவது. மணிக்கு 5 கிலோமீட்டரில் மேடு ஏறும்போது காற்று ஒரு பொருட்டே இல்லை. நிறையும் கியரும்தான் கணக்கு. நுவரெலியா டவுனின் உயரம் 1,868 மீட்டர், நானுஓயா ஸ்டேஷன் 1,600 சொச்சம். இந்த வழியில் தினமும் வேலைக்குப் போகிறவருக்கு இந்த வண்டி உதவுமா என்பதுதான் இங்கே பார்ப்பது.

எடுத்துக்கொண்ட வண்டி முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என மூன்று சக்கரம் உள்ளது. மூன்றும் 20 அங்குலம். முன் பற்கள் 50-39-30, பின்னால் 11-34, மொத்தம் 27 கியர். கேபிளில் இயங்கும் 160 மில்லிமீட்டர் டிஸ்க் பிரேக், நிறை 18 கிலோ அளவில். இரண்டு சக்கர ரிகம்பன்டை மலையகத்துக்கு யோசிக்கவே வேண்டாம். நடக்கும் வேகத்தில் அது தள்ளாடும். எழுந்து நின்று மிதிக்கவும் வழியில்லை. மூன்று சக்கரம் எவ்வளவு மெதுவாகப் போனாலும் விழாது. மூச்சு வாங்கினால் நடு ஏற்றத்தில் பிரேக்கைப் பூட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கலாம். மலைக்கு இதைத் தேர்ந்தெடுக்க இந்த ஒரு காரணமே போதும்.

ஆனால் கம்பனி பூட்டித் தரும் கியர் இங்கே போதாது. முன்னால் 30, பின்னால் 34 பல் போட்டால் ஒரு மிதி சுற்றுக்கு வண்டி 1.3 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் மணிக்கு 4.8 கிலோமீட்டர். 70 கிலோ ஆள், வண்டி, பை எல்லாம் சேர்த்து 95 கிலோ; நூற்றுக்குப் 12 சரிவில் இதற்கு 160 வாட் வேண்டும். பழகாத கால் அவ்வளவு நேரம் தாங்காது. இதில் முழங்காலுக்கும் ஆபத்து உண்டு: முதுகு சீட்டில் முட்டுக் கொடுத்திருப்பதால் உடல் எடைக்கும் மேலான பலத்தில் மிதிக்க முடியும், மூட்டு வலி அப்படித்தான் தொடங்கும்.

தீர்வு மலிவானது. இந்த வகை கிராங்கில் (மிதிகளைத் தாங்கும் கை) சின்னப் பல்சக்கரம் ஐந்து போல்ட்டில், 74 மில்லிமீட்டர் வட்டத்தில் நிற்கும். அதில் 24 பல் வரை இறக்கலாம். ஒரு சுற்றுக்கு 1.06 மீட்டர், அதே சரிவில் 125 வாட், மணிக்கு 3.8 கிலோமீட்டர். நடப்பவர் முந்துவார், முந்தட்டும். மாற்றிய பிறகு ஒரு குறை வரும்: 24க்கும் பின்னாலுள்ள மிகச் சின்னப் பல்லுக்கும் செயின் போட்டால், பின்னால் செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் டிரெய்லியருக்கு அந்தத் தளர்வை இழுத்துப் பிடிக்க முடியாது, செயின் தொங்கி உரசும். அந்தச் சேர்க்கையைத் தவிருங்கள். அதற்காகச் செயினை வெட்டிச் சுருக்காதீர்கள். சுருக்கிய செயின் 50-34இல் தவறி விழுந்தால் டிரெய்லியர் முறியும். பின் சக்கரம் 26 அங்குலமாக உள்ள மாதிரிகளும் வருகின்றன. அவற்றில் எல்லாக் கியரும் மூன்றில் ஒரு பங்கு கனத்துவிடும். இங்கே 20தான் சரி.

உங்கள் உயரத்துக்கு ஏற்ப, மிதிகளைத் தாங்கும் முன் குழாயை நீட்டும்போது, குதிகாலை மிதியில் வைத்தால் கால் நேராக வேண்டும். விரலடிக்கு மாற்றினால் முழங்கால் லேசாக மடங்கும். 2.5 சென்டிமீட்டர் நீட்டினால் செயினில் 4 கண்ணி சேர்க்க வேண்டும், ஏனென்றால் செயின் போயும் வரும் இரண்டு பக்கமும் நீள்கிறது. மொத்தத்தில் சாதாரண செயின் ஏறக்குறைய மூன்று வேண்டும். காலைப் பட்டியோ கிளிட்டோ (சப்பாத்தை மிதியோடு பூட்டும் கொக்கி) இல்லாமல் மிதியில் வைக்கவே கூடாது. பாதம் நழுவித் தரையைத் தொட்டால் வண்டி அதன் மேல் ஏறிக் காலைப் பின்னுக்கு இழுத்து முறித்துவிடும். இதில் விட்டுக்கொடுப்பதற்கு இடமில்லை.

இறக்கம் வேறு கதை. 95 கிலோவை 250 மீட்டர் கீழே கொண்டுவரும் சக்தி ஏறக்குறைய 230 கிலோஜூல், அரை லீட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். காற்றும் டயரும் எடுத்ததுபோக மீதி முழுவதும் இரண்டு சின்னத் தட்டுகளில் இறங்குகிறது. லீவரை மெல்லப் பிடித்தபடியே வந்தால் பேட் பளபளத்துப் பிடி விடும். வளைவுக்கு முன் இரண்டு லீவரையும் சேர்த்து அழுத்தமாகப் பிடியுங்கள், பிறகு முழுதாக விடுங்கள். மழை, மணல் இரண்டும் உள்ள ஊரில் உலோகத் துகள் கலந்த பேட் நீடிக்கும். அவிட் பிபி7 பிரேக் என்றால் பேட் தேயத் தேய, உள்ளும் புறமும் உள்ள சிவப்புத் திருகை ஒவ்வொரு கிளிக்காகத் திருப்ப வேண்டும். அது தானாகச் சரியாகாது. லீவர் கைப்பிடியைத் தொடும் வரை காத்திருப்பவர் ரதல்ல குறுக்குப் பாதையில் இறங்கக் கூடாது. 2023 ஜனவரியில் ஏழு உயிரைப் பறித்த இறக்கம் அது. இந்த வண்டிக்கு ஏ7 பெருவீதியே போதும். ரம்பொடைக் கணவாயை ஒரே மூச்சில் இறங்குவதற்கும் இது உகந்ததல்ல.

எடையின் பெரும்பகுதி முன் சக்கரங்களில் நிற்பதால், நனைந்த செங்குத்து ஏற்றத்தில் பின் சக்கரம் வழுக்கிச் சுழலும். அதனால் மதிய உணவும் மாற்றுடையும் முதுகில் வேண்டாம், பின் கரியரில் வையுங்கள். வளைவில் உடலை உள்பக்கம் சாய்க்க வேண்டும், இல்லாவிட்டால் உள் சக்கரம் தூக்கும். காபட் போட்ட வீதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தோட்டத்து ரோட்டில் மூன்று சக்கரமும் மூன்று தடத்தில் போவதால், ஒன்றைக் குழியிலிருந்து தப்ப வைத்தாலும் இன்னொன்று விழும்.

உதிரிப்பாகத்தில் ஒரு நல்ல செய்தி: டயர் 406 அளவு. சிறுவர் சைக்கிளுக்கு விற்கும் 20க்கு 1.75 அதே ரிம்முக்குப் பொருந்தும், ஹட்டனிலோ தலவாக்கலையிலோ சைக்கிள் கடையில் கேட்டு வாங்கலாம். 20க்கு 1 3/8 என்று எழுதியதை எடுக்காதீர்கள், அது பெரிய ரிம். பிரேக் பேட், செயின் ஓடும் வழிகாட்டி உருளை, நீளமான பின் கியர் கேபிள் மூன்றையும் வண்டியோடேயே வாங்கி வையுங்கள். இரண்டு மீட்டர் கேபிள் பின்னால் எட்டாது; இருவர் மிதிக்கும் டாண்டம் சைக்கிளுக்குரியது வேண்டும். முன் டயர் சில வாரத்திலேயே ஓரம் பிசிறாகத் தேய்ந்தால் டயரைக் குறை சொல்லாதீர்கள். அச்சு உயரத்தில் இரண்டு ரிம்முக்கும் இடையிலான தூரத்தை முன்னாலும் பின்னாலும் அளந்து, முன்பக்கம் 1 முதல் 2 மில்லிமீட்டர் குறைவாக வருமாறு ஸ்டியரிங் தண்டைத் திருகுங்கள்.

பஸ், லொறி சாரதி கண்ணுக்கு இந்த வண்டி தாழ்வு. ஒன்றரை மீட்டர்க் கம்பில் செம்மஞ்சள் கொடியும், பகலிலும் எரியும் பின் விளக்கும் வேண்டும். மூடுபனி இறங்கினால் கொடி தெரியாது, விளக்கு ஒன்றுதான் காப்பாற்றும். அந்த விளக்கைச் சீட்டின் உச்சியில் கட்டுங்கள். கரியரில் கட்டினால் பை மறைத்துவிடும்.