ரொட்டி வகுப்பா, அக்கா வீட்டு அடுப்படியா: கடலூர், புதுச்சேரிப் பக்கம் சமையல் கற்க எது தேவலாம்?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். வீட்டில் மூன்று வேளைச் சமையலும் என் பொறுப்பு. சோறு, குழம்பு, பொரியல் எல்லாம் தடங்கலில்லாமல் வரும். மூன்று விஷயம் மட்டும் வருடக்கணக்காகக் கைக்கு வரவில்லை. மீன் உடையாத குழம்பு, வீட்டிலேயே போடும் தாளிப்பு வடகம், வெளியே மொறுமொறுவென்றும் உள்ளே மெத்தென்றும் இருக்கிற பிரெஞ்சு நீள ரொட்டி. இதற்காகக் கடந்த இரண்டு வருடத்தில் மூன்று விதமான நேரடி வகுப்புகளுக்குப் போனேன். வீடியோவும் நிறையப் பார்த்தேன். இப்போது யாராவது "எதில் சேரலாம்?" என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அங்கே மாவில் யார் கை இருக்கும், உங்கள் கையா, சொல்லித் தருபவர் கையா?

இதைக் கேட்கத் தெரியாமல் முதலில் போனது புதுச்சேரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. கட்டணம் 1,500 ரூபாய். பதினெட்டுப் பேருக்கு ஓர் அடுப்பு. சொல்லித் தந்தவர் நல்ல சமையல்காரர், அதில் சந்தேகமே இல்லை. நான்கு மணி நேரத்தில் ஏழு வகை செய்து காட்டினார். நாங்கள் செல்போனில் படம் பிடித்தோம், ருசி பார்த்தோம், அச்சடித்த தாளை வாங்கிக்கொண்டு வந்தோம். அன்று நான் கையால் செய்த ஒரே வேலை கொத்தமல்லி ஆய்ந்தது. விளம்பரத்தில் 'நீங்களே செய்து கற்கலாம்' என்று போட்டிருந்தார்கள். அந்த ஏழில் ஒன்றைக்கூட நான் இதுவரை வீட்டில் செய்ததில்லை. பணம் போனதைவிட ஒரு ஞாயிறு வீணானதுதான் எனக்கு வருத்தம்.

ரொட்டி வகுப்பு

அடுத்து போனதும் புதுச்சேரிதான். ஆனால் இது ஆறு பேருக்கு மட்டும், ஆளுக்கொரு மேசை, ஆளுக்கொரு தராசு. கட்டணம் 2,800 ரூபாய், காலை ஒன்பதிலிருந்து மூன்று மணி வரை. நாள் முழுக்க ஒரே ஒரு ரொட்டிதான். ஒன்றுக்கு இவ்வளவா என்று தோன்றலாம். எனக்கும் போகும்வரை தோன்றியது.

அந்த ரொட்டியில் சேர்வது நான்கே பொருள்: மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட். பாரம்பரிய ரொட்டி என்ற பெயரில் விற்பதில் ரசாயனச் சேர்க்கை எதுவும் கூடாது என்று பிரான்ஸில் 1993-லேயே அரசாணை போட்டார்கள். 2022-ல் யுனெஸ்கோ அதை மரபுப் பட்டியலில் சேர்த்தபோதும் அந்த ரொட்டியைச் செய்யும் கைத்திறனையும் அதைச் சுற்றிய பழக்கத்தையும்தான் சேர்த்தது. பொருள் இவ்வளவு குறைவாக இருக்கும்போது மீதி எல்லாம் கைதான்.

என் கை சப்பாத்திக்குப் பழகிய கை. மாவு ஒட்டினால் உடனே மேலே கொஞ்சம் மாவு தூவும். 500 கிராம் மைதாவுக்கு 330 மில்லி தண்ணீர் ஊற்றினால் மாவு பிசுபிசுவென்று விரலெல்லாம் அப்பிக்கொள்ளும். நான் வழக்கம்போல் தூவ எடுத்தேன். சொல்லித் தந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். "ஒட்டட்டும் சார். பத்து நிமிஷம் மூடி வெச்சிட்டு அப்புறம் மடிச்சுப் பாருங்க." மூடி வைத்து, ஈரக்கையால் நான்கு பக்கமும் இழுத்து மடித்தேன். மூன்றாவது முறை மடித்தபோது அதே மாவு கையை விட்டுச் சுத்தமாக எழுந்து வந்தது. ஒரு துண்டு கிள்ளி வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தால் கிழியாமல் சவ்வு மாதிரி நின்றது. நாற்பது வீடியோவாவது பார்த்திருப்பேன். எல்லாவற்றிலும் 'மாவு தூவாதே' என்று சொல்லத்தான் சொன்னார்கள். என் கை அதைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று நம் ஊர் வெக்கை. குளிர்ப் பிரதேசத்துக் குறிப்பில் இரண்டு மணி நேரம் பொங்க வை என்று இருக்கும். சித்திரையில் நம் அடுப்படியில் அதே மாவு அதற்கு வெகு முன்பே பொங்கிப் புளித்துவிடும். ஈஸ்ட்டைக் குறை, ஐஸ் தண்ணீர் ஊற்று, கடிகாரத்தைப் பார்க்காதே, மாவைப் பார் என்றார். கடற்கரை ஊரில் வேலை செய்து பழகியவர் சொன்னால்தான் இது கிடைக்கும்.

குறையும் சொல்ல வேண்டும். அங்கே இருந்தது பெரிய பேக்கரி அடுப்பு. வீட்டில் இருக்கும் சின்ன மின்சார அடுப்பான ஓடிஜியில் நான் முதலில் சுட்டது வெளிறிப்போய், அடி வேகாமல் வந்தது. போன் செய்து கேட்டேன். கனமான இரும்பு தோசைக்கல்லை உள்ளே வைத்து, ஓடிஜியை முழுச் சூட்டில் நாற்பது நிமிடம் காயவிட்டு, அதன்மேல் ரொட்டியை வைக்கச் சொன்னார். கீழ்த் தட்டில் கொதிநீர் ஊற்றி ஆவி வரச் செய்யவும் சொன்னார். அப்புறம்தான் நிறம் வந்தது. ஒரு வகுப்பு முடிந்த பிறகும் கேட்டால் பதில் கிடைக்குமா என்பதைப் பணம் கட்டும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். எனக்கு அந்த ஒரு போன் பேச்சு அரை நாள் வகுப்புக்குச் சமம்.

முதுநகர் அக்கா

மூன்றாவது, கடலூர் முதுநகரில் துறைமுகம் பக்கம் ஓர் அக்கா வீடு. விளம்பரம், பலகை எதுவும் கிடையாது. தெரிந்தவர் சொல்லிப் போனதுதான். ஒரு நேரத்தில் இரண்டு பேருக்குமேல் சேர்க்க மாட்டார். ஐந்து காலைக்கு 2,000 ரூபாய், மீன் காசு தனி.

பாடம் மீன் ஏலக் கூடத்திலேயே தொடங்கிவிடும். சங்கரா மீன் இயல்பிலேயே சிவப்பு, தோல் நிறத்தை நம்பினால் ஏமாறுவோம் என்று செவுளைத் தூக்கிக் காட்டினார். உள்ளே ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும், கண் குழி விழாமல் புடைத்து நிற்க வேண்டும், வயிற்றை அழுத்தினால் பள்ளம் உடனே மேலே வர வேண்டும். பத்து மீனை என்னையே அழுத்திப் பார்க்கச் சொன்னார்.

அடுப்படியில் முதல் நாள் நான் அவசரப்பட்டேன். புளிக்கரைசல் ஒரு கொதி வந்ததுமே மீனைப் போட்டுவிட்டேன். அக்கா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார், தடுக்கவில்லை. குழம்பு இறங்கியதும் ஒரு கரண்டி என் கையில் ஊற்றி, "பச்சையா இருக்குல்ல தம்பி? இந்த வாசன ஞாபகத்துல இருக்கட்டும்" என்றார். மறுநாள் எண்ணெய் பிரிந்து ஓரத்தில் மிதக்கும்வரை காத்திருந்தேன். மீன் போட்டதும் கை தானாகக் கரண்டிக்குப் போனது. "கரண்டிய வெச்சிடு. சட்டி விளிம்பத் துணியால புடிச்சு ஒரு சுத்து சுத்தி வுடு." மண்சட்டியை இரண்டு கையாலும் லேசாகச் சுழற்றினேன். குழம்பு மீனைச் சுற்றி ஓடியது, துண்டு ஒன்றும் அசையவில்லை.

இதை வீட்டில் அம்மாவிடமே கற்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. என் அம்மா மிக நன்றாக மீன் குழம்பு வைப்பார். ஆனால் நான் தப்பு செய்யப் போகிறேன் என்று தெரிந்த உடனே கரண்டியை வாங்கிக்கொள்வார். பிள்ளைக்கு நல்ல சோறு போக வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். கற்றுக்கொள்ள ஒரு சட்டிக் குழம்பு கெட்டால் பரவாயில்லை என்று விடுகிற ஆள் வேண்டியிருக்கிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடலில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் போகாது, மீன் வரத்து குறையும், விலை ஏறும். அக்கா அந்த நாட்களில் மீன் வகுப்பை நிறுத்திவிட்டு வடகம் சொல்லித் தருகிறார். வெயிலும் அப்போதுதான் சரியாக இருக்கும். சின்ன வெங்காயத்தை அரைக்காமல் இடித்து, பூண்டு, உளுத்தம்பருப்பு, கடுகு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு சேர்த்துப் பிசறி ஒரு ராத்திரி மூடி வைக்க வேண்டும். காலையில் உருண்டை பிடித்துக் காயவைத்து, சாயங்காலம் உடைத்துப் பிசைந்து மறுபடி மூட வேண்டும். விளக்கெண்ணெய் சேர்த்து, ஈரம் வற்றும்வரை பத்து நாளைக்குக் குறையாமல் இதே வேலை. ஒவ்வொரு நாளும் வாசனை மாறும். நான்காம் நாள் முகம் சுளிக்க வைக்கும். கெட்டுவிட்டது என்று நான் கொட்டப் போனதை அக்காதான் நிறுத்தினார். ஏழாம் நாளுக்குமேல்தான் நமக்குத் தெரிந்த அந்த வடக வாசனை வந்தது.

இந்த வடகம்தான் பிரெஞ்சுச் சமையலில் 'வடுவான்' ஆனது. ஒரு மணி நேரத்தில் வெங்காயத்தையும் மசாலாவையும் ஓவனில் வறுத்து அதைச் செய்துவிடலாம். ருசியும் நன்றாகவே இருக்கும். ஆனால் வெயிலிலும் பானையிலும் மாறி மாறிப் புளித்துக் காய்ந்த வாசனை அதில் வராது. பத்து நாள் வேலையைப் பாதி நாள் வகுப்பில் யாரும் சொல்லித் தர முடியாது. அதனால் வடகத்துக்கு எந்த வகுப்பறையையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

மற்றவை

புதுச்சேரியில் சுற்றுலா வருபவர்களுக்கான வகுப்புகளும் உண்டு. கூபேர் மார்க்கெட்டில் காய்கறி வாங்குவதில் தொடங்கி, சமைத்து, உட்கார்ந்து சாப்பிடுவதோடு முடியும். வெளியூரிலிருந்து வரும் சொந்தக்காரர்களுக்கு நல்ல காலைப்பொழுது. தினமும் சமைப்பவருக்குப் போதாது.

விற்பனைக்குச் செய்யும் எண்ணம் இருந்தால் கணக்கு வேறு. புதுச்சேரி குரும்பாப்பேட்டையில் இருக்கும் பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையம், நம் மாவட்டத்தில் விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையம் போன்றவற்றின் பயிற்சி அறிவிப்புகளைக் கவனியுங்கள். விளைபொருளைப் பதப்படுத்தி மதிப்புக் கூட்டுவது அங்கே ஒரு பாடம். பண்ருட்டிப் பலாவை வைத்து ஏதாவது செய்ய நினைப்பவர் முதலில் அங்கேதான் போக வேண்டும். வங்கிகள் நடத்தும் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் பயிற்சி இலவசம்.

வீடியோவை நான் ஒதுக்கவில்லை, வரிசையை மாற்றிக்கொண்டேன், அவ்வளவுதான். ரொட்டி வகுப்புக்குப் பிறகு அதே வீடியோக்களைப் பார்த்தபோது, மாவை உருட்டும்போது கட்டைவிரல் எங்கே அழுத்துகிறது என்பது முதல்முறையாகக் கண்ணில் பட்டது. வெந்தயம் சிவப்பதற்கும் கருகுவதற்கும் இடையில் வரும் வாசனையை மட்டும் எந்தத் திரையிலும் பிடிக்க முடியாது.

காசு வைத்துப் பார்த்தால் அக்கா வீடுதான் மலிவு, கடலூர்க்காரருக்கு பஸ் செலவும் மிச்சம். ஆனால் ஐந்து காலை தொடர்ந்து நேரம் ஒழிய வேண்டும். வேலைக்குப் போகிறவருக்கு அது சுலபமில்லை. ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால் ரொட்டி வகுப்பு மாதிரி ஒரே பண்டத்தைப் பிடித்துக்கொள்ளும் வகுப்பைத் தேடுங்கள். ஏழு வகை, பத்து வகை என்று எண்ணிக்கை காட்டினால், எத்தனை பேருக்கு எத்தனை அடுப்பு என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இந்தச் சித்திரையில் இரண்டாவது தடவை வடகம் போடுகிறேன். அக்கா இந்த முறை மூன்று கிலோ வெங்காயம் உரித்து எடுத்து வரச் சொல்லியிருக்கிறார். ரொட்டி வகுப்பில் அடுத்த கட்டமாக, கடை ஈஸ்ட் இல்லாமல் புளித்த மாவில் செய்யும் ரொட்டி வைத்திருக்கிறார்கள். அதற்கு மார்கழியில் போகலாம் என்றிருக்கிறேன், அந்தக் குளிர்ச்சியில் மாவு நிதானமாகப் பொங்கும்.