உலகத்துக்கு முக்கியமான நகரம் எது: லண்டனா, டோக்கியோவா?
மக்கள்தொகையை மட்டும் பார்த்தால் லண்டன் கிட்டேயே வர முடியாது: டோக்கியோ பெருநகரப் பகுதியில் சுமார் 3.7 கோடிப் பேர், சோனி, ஹிட்டாச்சி மாதிரி நிறுவனங்களின் தலைமையகங்களும் அங்கேதான். ஆனால் உலகத்தோடு பின்னிக் கிடப்பது என்று வந்தால் நான் லண்டனைத்தான் சொல்வேன். அங்கே காலையில் வேலை தொடங்கும்போது ஆசியாவில் நாள் முடிகிறது, மதியத்துக்குள் நியூயார்க் விழித்துவிடும். இந்த நேர வசதியாலும் (பழைய பேரரசின் மிச்சமும் உண்டு, மறுக்க முடியாது) 2022 கணக்குப்படி உலக அந்நியச் செலாவணி வர்த்தகத்தில் ஏறக்குறைய 38 சதவீதம் பிரிட்டனில், பெரும்பாலும் லண்டனில்தான் நடந்தது. அப்புறம் சட்டம். கிரேக்கக் கப்பல் முதலாளியும் சிங்கப்பூர் வணிகரும் போடும் ஒப்பந்தத்தில்கூட, தகராறு வந்தால் இங்கிலாந்துச் சட்டப்படி லண்டனில் தீர்த்துக்கொள்வோம் என்று எழுதிவைப்பது சகஜம். ரயில் நேரத்துக்கு வருவதுதான் முக்கியம் என்றால், சரி, டோக்கியோவே ஜெயிக்கட்டும்.