மின்சாரக் காரா, பெட்ரோல் காரா? ஒரு மதுரைக் கணக்கு

மின்சாரக் கார் வாங்கினால் சுற்றுச்சூழலுக்கு நல்லதா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இரண்டுதான்: வருடத்துக்கு எவ்வளவு ஓட்டுவீர்கள்? எந்த நேரத்தில் சார்ஜ் போடுவீர்கள்?

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் கார், 100 கிலோமீட்டருக்கு 15 கிலோ கக்கும். எண்ணெய் எடுப்பது, சுத்திகரிப்பது எல்லாம் சேர்த்தால் 18-ஐத் தொடும். சிறிய மின்சாரக் காருக்கு அதே தூரத்துக்கு ஏறக்குறைய 15 யூனிட் வேண்டும். நம் நாட்டு மின்சாரத்தில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. கம்பியில் விரயமாவதையும் சேர்த்து 12 கிலோ என்று வையுங்கள். ஆக, மிச்சம் 6 கிலோ.

ஆனால் மின்சாரக் கார் கடனோடுதான் ஷோரூமை விட்டு வெளியே வருகிறது. 30 யூனிட் கொள்ளும் பேட்டரியைத் தயாரிக்கவே 2 முதல் 3 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிவிடும். அது தீர சுமார் 40,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். தினமும் மேலூருக்கோ உசிலம்பட்டிக்கோ வேலைக்குப் போய்வருபவருக்கு இது இரண்டு மூன்று வருடக் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அழகர்கோயில் போய்வருபவருக்குப் பதினைந்து வருடத்துக்கு மேலேயே ஆகும்.

தெருவில் நின்று பார்த்தால் கணக்கு வேறு. கீழமாசி வீதியில் லாரியில் மூட்டை இறங்கும் நேரம், பின்னால் நிற்கும் பெட்ரோல் கார்கள் ஏசிக்காக இன்ஜினை ஓடவிட்டபடியே ஊர்கின்றன. புகைக்குழாய்க்கு ஓரடி தள்ளி ஒரு அக்கா உட்கார்ந்து பூக்கட்டுகிறார். மின்சாரக் காரில் அந்தப் புகையும் இல்லை, இரைச்சலும் இல்லை. எனக்கு இதுதான் பெரிய லாபம். டயர் தேய்ந்து வரும் தூசி மட்டும் குறையாது. பேட்டரியின் எடையால் கொஞ்சம் கூடவே செய்யும்.

தெருவில் குறையும் புகையில் ஒரு பங்கு, நம் மின்சாரத்துக்காக நிலக்கரி எரிக்கும் தூத்துக்குடி அனல்மின் நிலையத்தைச் சுற்றி வாழ்பவர்களிடம் போய்ச் சேர்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. அதைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது. கமுதியில் 2016 முதல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் இயங்குகிறது. ஆண்டிபட்டிப் பக்கம் ஆடிக்காற்றில் காற்றாலைகள் சுழல்கின்றன. பகலில் சார்ஜ் போட்டால் வெயில் மின்சாரத்தின் பங்கு கூடும். ராத்திரி, அதுவும் காற்று இல்லாத மாதங்களில், பெரும்பாலும் நிலக்கரிதான். மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் வைத்தால் ஒரு நாளைக்குச் சுமார் 12 யூனிட் வரும். மதுரை வெயிலுக்கு இது சாதாரணம். ஒரு நாள் ஓட்டத்துக்கு அது தாராளம்.

பேட்டரிக்காகத் தோண்டும் சுரங்கங்களும் மனதை உறுத்துகின்றன. கோபால்ட் பெருமளவு காங்கோவிலிருந்து வருகிறது. அங்கே குழந்தைகளும் தோண்டுகிறார்கள். எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரியில் கோபால்ட்டும் நிக்கலும் கிடையாது. வாங்கும்போது அதைக் கேட்டு வாங்குங்கள். பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பை மத்திய அரசின் 2022 பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் தயாரிப்பாளர் மேல் வைத்திருக்கின்றன.

குறைவாக ஓட்டுபவர் இருக்கிற காரையே நன்றாகப் பராமரித்து ஓட்டலாம், முடிந்தபோது பஸ்ஸில் போகலாம். நிறைய ஓட்டுபவருக்கு மின்சாரக் கார்தான் சரி, அதுவும் சின்ன பேட்டரியாக. வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை சென்னை போவதற்காக இரண்டு மடங்கு பேட்டரியைத் தினமும் சுமக்க வேண்டாம். அதற்கு வைகை எக்ஸ்பிரஸ் இருக்கிறது.