மதுரைக் கோட்டை, 1764: ஏணியா, பட்டினியா?

நவாபையும் கும்பினியையும் (ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி) எதிர்த்து மதுரைக் கோட்டைக்குள் நின்றவர் மருதநாயகம் எனப்படும் யூசுப்கான். அவரை வீழ்த்த ஆற்காட்டு நவாபின் படைக்கும் கும்பினிப் படைக்கும் இருந்த வழிகள் இரண்டு: மதிலை உடைத்து ஏறுவது, இல்லையேல் வெளியே காவல் போட்டுப் பட்டினி போடுவது.

முதல் வழி வேகமானது, உயிர்ச்சேதமும் அதிகம். பீரங்கியால் மதிலில் பிளவு விழுந்தால் மட்டும் போதாது. சரிந்த கல்லும் மண்ணும் ஆள் ஏறும் சரிவாகக் கிடக்க வேண்டும். அகழியைச் சுள்ளிக்கட்டு போட்டுத் தூர்க்க வேண்டும். பிளவு குறுகலாக இருந்தால் ஒரே நேரத்தில் சிலர்தான் நுழைய முடியும். இரு பக்கக் கொத்தளங்களிலிருந்தும் அவர்கள்மேல் குண்டு பாயும். ஜூன் 26 தாக்குதல் தோற்றது. கும்பினிப் படையின் மேஜர் பிரஸ்டன் அதில் பட்ட காயத்தாலேயே இறந்தார்.

முற்றுகைக்கு ஆள்சேதம் குறைவு, ஆனால் காலம் வேண்டும். எல்லா வாசல்களையும் சாலைகளையும் அடைக்க வேண்டும். ஒரு வழி திறந்திருந்தாலும் இரவில் நெல் உள்ளே போய்விடும். வடகிழக்குப் பருவமழையும் குறுக்கே நிற்கும். 1763 முற்றுகை மழைக்காலத்தோடு கைவிடப்பட்டது.

எங்கள் கணிப்பில் இரண்டாவதே வலுவான வழி. மதில் கடைசிவரை விழவில்லை. உள்ளேயிருந்தவர்களின் மனம்தான் விழுந்தது. அக்டோபர் 13 அன்று யூசுப்கானைப் பிடித்துக் கட்டியவர்கள் அவருடைய சொந்த ஆட்களே. 15ஆம் தேதி நவாப் தரப்பு அவரை மதுரைக்கு அருகே தூக்கிலிட்டது. அவருடைய அடக்கத்தலம் இன்றும் சம்மட்டிபுரத்தில் இருக்கிறது.