பிரைம்95: பாவித்த கணினிக்குக் காசு கொடுக்க முன்

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ பாவித்த அலுவலகக் கணினி கேட்டுப் போனால், இன்டெலின் ஆறாம் தலைமுறைப் பெட்டி ஒன்று மேசைக்கு வரும். ஐ5-6500, கொஞ்சம் காசு கூட்டினால் ஐ7-6700. கடைக்காரர் விண்டோஸைத் திறந்து காட்டுவார், யூடியூபில் ஒரு பாட்டை ஓடவிடுவார். அதனால் எதுவும் தெரியவராது. பாட்டு ஓடும்போது செயலி ஒரு கணக்கில் பிழைவிட்டால் திரையில் ஒரு புள்ளி நிறம் மாறும், அவ்வளவுதான். அதே பிழை சங்கக் கணக்கிலோ வளாகப் பிள்ளையின் ஆய்வுத் தரவிலோ விழுந்தால் கண்டுபிடிக்க ஆளில்லை.

பிரைம்95 செய்வது வேறு வேலை. விடை முன்கூட்டியே தெரிந்த மிகப் பெரிய கணக்குகளைச் செயலிக்குக் கொடுத்து, வந்த விடையைச் சரியான விடையோடு ஒப்பிடும். ஜோர்ஜ் வோல்ட்மன் எழுதிய இலவச மென்பொருள் இது. 1996இல் அவர் தொடங்கிய ஜிம்ப்ஸ் என்ற தன்னார்வத் தேடலில், உலகெங்கும் உள்ளவர்கள் தங்கள் கணினியின் சும்மா இருக்கும் நேரத்தைக் கொடுத்து மெர்சென் முதன்மை எண்களை (2ஐ அதனாலேயே பலமுறை பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வரும் முதன்மை எண்களை) தேடுகிறார்கள். 2024 ஒக்டோபரில் அவர்கள் அறிவித்த எண்ணுக்கு 41,024,320 இலக்கங்கள்.

இந்த மென்பொருளை ஏன் நம்பலாம் என்பதற்கு ஆறாம் தலைமுறையே சாட்சி. ஸ்கைலேக் எனப்படும் அந்தச் செயலிகள் 2015 ஓகஸ்ற்றில் சந்தைக்கு வந்தன. சில மாதங்களில், பிரைம்95இல் 2இன் அடுக்கு 14,942,209 ஆன எண்ணை 768கே நீளத்தில் (768கே துண்டாக வெட்டி) ஓடவிட்டால் இயந்திரம் அப்படியே உறைந்துபோகிறது என்று தன்னார்வலர்கள் கண்டார்கள். தனி ஒருவருக்கு இது நடந்தால் ராம் பழுது, பவர் சப்ளை பழுது என்றுதான் முடிவாகும். இங்கே வெவ்வேறு மதர்போர்ட் வைத்திருந்தவர்கள் அதே எண்ணை, அதே அமைப்பில் ஓட்டினார்கள். எல்லோருக்கும் அதே உறைவு. முந்தைய தலைமுறைச் செயலிகள் அதே கணக்கைத் தடையின்றி முடித்தன. ஒரு கோரை (செயலிக்குள் கணக்குப் போடும் அலகை) இரண்டுபோல் வேலை வாங்கும் ஹைப்பர்த்ரெடிங்கை அணைத்தால் உறைவு நின்றது. ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வர, மிஞ்சியது சில்லு மட்டுமே. 2016 ஜனவரியில் இன்டெல் குறையை ஒப்புக்கொண்டு, பயோஸ் (கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) வழியாகத் திருத்தம் அனுப்பியது.

அந்த அடுக்கிலேயே ஒரு விசேஷம் உண்டு. 768கே என்றால் 786,432 துண்டுகள். அதை 19ஆல் பெருக்கினால் 14,942,208. அதாவது 14,942,209 பிட் நீளமான அந்த எண்ணைத் துண்டுக்கு 19 பிட் என்று பிரித்தால் ஒரேயொரு பிட்தான் மிஞ்சும். ஒவ்வொரு சுற்றிலும் இந்தத் துண்டுகளைத் தசமக் கணக்காக்கி, வர்க்கித்து, திரும்ப முழு எண்ணாக்க வேண்டும். திரும்பி வரும் பெறுமானம் ஒரு முழு எண்ணுக்கு மிக அருகில் இருக்க வேண்டும், 0.4க்கு மேல் விலகினால் எங்கோ பிழை. ஒரு சுற்றின் விடைதான் அடுத்த சுற்றின் கேள்வி என்பதால், ஒரு பிட் பிசகினாலும் கடைசி விடை முழுதாக மாறிவிடும். இந்தச் சோதனை இவ்வளவு கண்டிப்பாக இருப்பது இதனால்தான்.

கடையில் ஓட்டும் முறைக்கு வருவோம். ஜிம்ப்ஸின் சொந்தத் தளத்திலிருந்து ஸிப் கோப்பை இறக்கி, பென் ட்ரைவில் விரித்துக்கொண்டு போங்கள். நிறுவத் தேவையில்லை. திறந்ததும் ஜிம்ப்ஸில் சேர்கிறீர்களா என்று கேட்கும். 'ஜஸ்ட் ஸ்ட்ரெஸ் டெஸ்டிங்' என்பதை அழுத்துங்கள். வெப்பம் பார்க்க எச்டபிள்யூஇன்ஃபோவைப் பக்கத்தில் திறந்து வையுங்கள், இது இல்லாமல் தொடங்கக்கூடாது. எஃப்எஃப்டி என்பது எண்ணைத் துண்டாக்கிப் பெருக்கும் அந்த முறைதான். முதலில் பெரும்பாலும் செயலியை மட்டும் சோதிக்கும் 'ஸ்மோல் எஃப்எஃப்டி' 20 நிமிடம், பிறகு ராமையும் சேர்த்துச் சோதிக்கும் 'பிளெண்ட்' குறைந்தது ஒரு மணித்தியாலம். ஐ7-6700 என்றால் மூன்றாவதாக 'கஸ்டம்' எடுத்து, எஃப்எஃப்டி அளவில் மிகக் குறைந்ததும் மிகக் கூடியதும் 768 என்று போட்டு, 'இன்-பிளேஸ்' பெட்டியைத் தெரிவு செய்து ஓடவிடுங்கள். பழைய குறை திருத்தப்படாத பெட்டி சில நிமிடத்திலும் உறையலாம், சில மணித்தியாலமும் எடுக்கலாம். ஐ5-6500இல் ஹைப்பர்த்ரெடிங் கிடையாது. அதற்கு இந்த மூன்றாவது ஓட்டம் வேண்டாம். முடிந்ததும் 'டெஸ்ட்' பட்டியலில் 'எக்ஸிட்' கொடுத்தே வெளியேறுங்கள். மூலையிலுள்ள பெருக்கல் குறியை மட்டும் அழுத்தினால் அது கீழே ஒளிந்திருந்து ஓடிக்கொண்டிருக்கும்.

வன்னியில் முதலில் தோற்பது பெரும்பாலும் குளிரூட்டல்தான். சித்திரை வெயிலில் ஏசி இல்லாத கடையறையின் காற்றே சூடு. சோளகம் பெயர்ந்தால் கிரவல் ரோட்டுப் புழுதி, செயலியின் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்கின் தகடுகளுக்கிடையில் மெத்தையாகப் படியும். வெப்பம் ஏறும் விதத்தைப் பார்த்தே காரணம் சொல்லலாம். தொடங்கிச் சில செக்கனில் 95 பாகையைத் தொட்டால் செயலிக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் பூசும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டது, அல்லது ஹீட்சிங்க் சரியாக இருக்கவில்லை. பத்துப் பதினைந்து நிமிடமாக மெல்ல மெல்ல ஏறினால் புழுதியும் காற்றோட்டமும். இந்தச் செயலிகளின் எல்லை 100 பாகை. அதைத் தொட்டால் அவை தாமாகவே வேகத்தைக் குறைக்கும். ஐ5-6500இன் அடிப்படை வேகம் 3.2 கிகாஹேர்ட்ஸ். அதற்குக் கீழே இறங்கினால், பிழைச் செய்தி வராவிட்டாலும் சோதனையில் தேறவில்லை என்றே எடுங்கள். பேஸ்ட் மாற்றித் தூசி ஊதினால் சரியாகக்கூடிய குறை இது. விலை பேச உதவும்.

பிழைச் செய்தி வந்தால் கதை வேறு. 'ரவுண்டிங்' என்று சொல்லி 0.5 காட்டினாலும் 'ஹார்ட்வெயர் ஃபெயிலியர்' என்று நின்றாலும் ஒன்றுதான்: பெட்டி கணக்கில் பிழைவிடுகிறது. ஸ்மோல் தேறி பிளெண்ட் தோற்றால் ராமைக் கழற்றி, தொடுமுனையைத் துடைத்து, ஒவ்வொரு துண்டாகப் போட்டுத் திரும்ப ஓட்டுங்கள். வெப்பம் அடங்கியிருக்கும்போதும் அதே வேர்க்கர் (ஒரு கோரில் ஓடும் தனிச் சோதனை) திரும்பத் திரும்ப நின்றால் அந்தக் கோர் பழுதாக இருக்கக்கூடும், வாங்க வேண்டாம். செய்தியே இல்லாமல் பெட்டி அணைந்தால் பவர் சப்ளையை அல்லது பட்டரி செத்த யூபிஎஸ்ஸைப் பாருங்கள்.

"ஒருநாளைக்கு ஒருக்கா நிண்டால் என்ன, திரும்பப் போட்டால் சரிதானே" என்று சமாதானம் சொன்னால் கேட்காதீர்கள். ஒரேயொரு பிழையும் பிழைதான்.

பயோஸ் திகதியை 'எம்எஸ்இன்ஃபோ32' என்று தட்டிப் பார்க்கலாம். 2016க்கு முந்தியதென்றால் கட்டாயம் புதுப்பிக்க வேண்டும். 2018 அல்லது அதற்குப் பிந்தியது இன்னும் நல்லது. 2017இல் வெளிவந்த இன்னொரு ஹைப்பர்த்ரெடிங் குறைக்கும் அதில் திருத்தம் இருக்கும். புதுப்பிக்கும் நடுவில் கரண்ட் போனால் மதர்போர்ட் எழும்பாது. யூபிஎஸ் இல்லாமல், அதுவும் மழையும் இடியுமான ஐப்பசி மாலையில், தொடவே வேண்டாம்.

பிரைம்95 எல்லாவற்றையும் பிடிக்காது. ஹார்ட் டிஸ்க்கையும் கிராபிக்ஸ் கார்டையும் அது தொடுவதில்லை. கல்யாண வீடியோ வெட்டும் ஸ்ரூடியோக்காரர் தேடும் 13ஆம், 14ஆம் தலைமுறை ஐ9க்கு இதை மட்டும் நம்ப முடியாது. அவற்றில் மிகை வோல்ட்டு சில்லைத் தேய்ப்பதாக 2024இல் இன்டெலே சொன்னது. சும்மா இருக்கும்போதும் இலேசான வேலையிலும்கூட அந்த மிகை வோல்ட்டு போனதால், முழுச் சுமையில் தேறும் சில்லு வேறு வேலையில் விழக்கூடும். அங்கே பயோஸும் வொரண்டியும்தான் முதற்கேள்வி.

மடிக்கணினியில் அரை மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டாதீர்கள். மெல்லிய குளிரூட்டிக்கு அது கொடுமை. மேசைக் கணினியை வீட்டுக்குக் கொண்டுவந்த முதலிரவு பிளெண்டை விடியும்வரை ஓடவிட்டு, காலையில் 'ரிசல்ட்ஸ்' கோப்பைத் திறந்து பாருங்கள். கடையோடு பேசும்போதே மூன்று நாள் மாற்றும் தவணை கேட்டு, அதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.