ஒரு பிள்ளையின் படிப்புச் செலவா, ஊருக்கு ஒரு மாலை மையமா?

கிராமத்து ஏழைப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நாலு பேர் உட்கார்ந்து பேசினால், பேச்சு பெரும்பாலும் இரண்டு வழிகளில் வந்து நிற்கும். குறிப்பிட்ட ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்பது ஒன்று. பள்ளி விட்ட பிறகு பிள்ளைகள் வந்து படிக்க அந்த ஊரிலேயே ஒரு மாலை மையம் நடத்துவது இன்னொன்று. எங்கள் குழு இரண்டாவதைத் தேர்ந்தெடுத்துச் சில ஆண்டுகளாக நடத்திவருகிறது. ஆகவே இந்த ஒப்பீட்டில் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பை, நோட்டு, சீருடை வழங்குவதை இதில் சேர்க்கவில்லை. தேவையானவைதான், ஆனால் ஒரே நாளில் முடிந்துவிடும் காரியங்கள்.

தனிப்பிள்ளை உதவியின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். யாருக்குக் கொடுக்கிறோம் என்பது தெரியும், முகம் தெரியும், கொடுப்பவருக்கு ஒரு பிடிப்பு இருக்கும். சிக்கலும் அந்த முகத்தில்தான் இருக்கிறது. ஒரே தெருவில் ஒரு பிள்ளைக்கு உதவி கிடைத்து, அதே நிலையில் இருக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்காதபோது வரும் மனக்கசப்பைக் கொடுப்பவர் பார்ப்பதில்லை. ஊரில் இருப்பவர்கள்தான் தாங்க வேண்டும். கண்காணிப்பும் லேசுப்பட்டதல்ல. 1998-இல் சிகாகோ டிரிப்யூன் நாளிதழ் இந்த வகைத் திட்டங்களை விசாரித்து எழுதியபோது, இறந்துபோன பிள்ளைகளின் பெயரிலும் நன்கொடை வாங்கப்பட்டிருந்தது வெளியே வந்தது. பெரிய அமைப்புகள் பலவும் இப்போது ஒரு பிள்ளையின் படத்தைக் காட்டிப் பணம் திரட்டினாலும், அதைப் பொதுவில் போட்டு ஊர் முழுமைக்கும் செலவழிக்கின்றன. அதில் தவறில்லை. ஆனால் பணம் எங்கே போகிறது என்பதைச் சின்ன எழுத்தில் அவர்களே போட்டிருப்பார்கள். அதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

தனிப்பிள்ளை உதவிக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வலுவான ஆய்வு ஒன்று உண்டு. புரூஸ் வைடிக் என்ற பொருளியலாளரும் வேறு இருவரும் சேர்ந்து, தனிப்பிள்ளை உதவி செய்யும் கம்பேஷன் இன்டர்நேஷனல் என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பின் திட்டத்தில் இருந்து வளர்ந்தவர்களை இந்தியா, கென்யா, உகாண்டா உள்ளிட்ட 6 நாடுகளில் ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டார்கள். உதவி பெற்றவர்கள் சராசரியாக 1 முதல் 1.5 ஆண்டு வரை கூடுதலாகப் பள்ளியில் படித்திருந்தார்கள். நல்ல பலன், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தத் திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்தது கட்டணமும் சீருடையும் மட்டுமல்ல. வாரத்துக்குச் சுமார் 8 மணி நேரம், பள்ளிக்கு வெளியே ஒரு மையத்தில், பெரியவர்களின் துணையோடு பல ஆண்டுகள் இருந்திருக்கிறார்கள். எனக்கு அது பாதிக்கு மேல் மாலை மையத்துக்கான சான்றாகத்தான் தெரிகிறது.

மாலை மையத்தில் பாடம் நடத்தும் முறையைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. வயதையும் வகுப்பையும் பார்க்காமல், வாசிக்கும் திறனைப் பார்த்துப் பிரித்து உட்கார வையுங்கள். எழுத்து, சொல், பத்தி, கதை என்று படிப்படியாகப் போகும், பிரதம் என்ற இந்தியக் கல்வித் தொண்டு அமைப்பின் சோதனைத்தாள் போதும். ஒரு பிள்ளைக்குச் சில நிமிடங்கள்தான் ஆகும்.

மையம் நிலைக்குமா, மூடுமா என்பதை முடிவு செய்வது பாடமுறை அல்ல. அதை நடத்தும் உள்ளூர்ப் பெண்ணின் மாதச் சம்பளம். தொண்டூழியர்களை வைத்துச் சமாளிக்கலாம் என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். உத்தரப்பிரதேசத்தின் ஜவுன்பூர் மாவட்டத்தில் 2005-06-இல் பிரதம் இதைப் பெரிய அளவில் செய்தது. ஊர் இளைஞர்களுக்குச் சில நாள் பயிற்சி கொடுத்து, சம்பளமில்லாமல் வாசிப்பு வகுப்பு நடத்த வைத்தார்கள். வந்த பிள்ளைகள் நன்றாக முன்னேறினார்கள். ஆனால் அந்த ஊர்களில் இருந்த பிள்ளைகளில் சுமார் 8 சதவீதம் பேர்தான் வந்தார்கள். வகுப்பில் குறையில்லை. பிள்ளைகளை வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டு, வராதவர்களைத் திரும்பக் கூட்டிவருவது நாள்தோறும் செய்ய வேண்டிய வேலை; சம்பளமில்லாத ஒருவரிடம் அதை எத்தனை மாதம் எதிர்பார்க்க முடியும்?

வங்கதேசத்தின் பிராக் தொண்டு அமைப்பு 1985-இல் 22 ஓரறைப் பள்ளிகளோடு தொடங்கியபோது வேறு கணக்குப் போட்டது. ஓர் அறை, முப்பது பிள்ளைகள் அளவில் ஒரு வகுப்பு, பெரும்பாலும் அதே ஊரைச் சேர்ந்த ஒரு பெண், அவருக்குச் சிறிதாயினும் சம்பளம். அந்த வகுப்பு முடியும்வரை அவரே ஆசிரியர். எளிமையான ஏற்பாடுதான், ஆனால் பிள்ளைகளின் வீட்டு நிலவரம் முழுக்கத் தெரிந்த ஒருவர் ஆண்டுக்கணக்கில் அங்கே இருப்பார்.

சம்பளத்துக்குப் பணம் திரட்டுவதுதான் இதில் பெரும்பாடு. பெயர்ப்பலகை வைக்கக்கூடிய எதற்கும் நன்கொடை வரும். அலமாரி, மின்விசிறி, கரும்பலகைக்கு வரும். “மாதாமாதம் ஒருவருக்குச் சம்பளம்” என்றால் மட்டும் “அது நிர்வாகச் செலவாச்சே” என்பார்கள். அதனால் எங்கள் குழுவில் ஒரு விதி வைத்திருக்கிறோம்: இரண்டு ஆண்டுச் சம்பளம் கையில் சேராமல் புது மையம் திறப்பதில்லை. இன்னொன்று, மையத்துக்கு இரண்டு பேர். ஒருவர் திருமணமாகியோ வேறு வேலை கிடைத்தோ போனால், மற்றவர் பார்த்துக்கொள்வார். இடையில் சில மாதம் மூடிக்கிடந்த மையத்துக்குப் பிள்ளைகளைத் திரும்ப வரவைப்பது, புதிதாகத் தொடங்குவதைவிடக் கடினம். பெற்றோரின் நம்பிக்கை போய்விடுகிறது.

மையத்தை நடத்துவதில் இடமும் முக்கியம்தான். யார் வீட்டுத் திண்ணையில் நடக்கிறது என்பதைப் பொறுத்தே எந்தத் தெருப் பிள்ளைகள் வருவார்கள் என்பது அமையும். எல்லாத் தெருப் பிள்ளைகளும் தயங்காமல் நுழையக்கூடிய பொது இடம் கிடைக்காவிட்டால், ஒதுக்கப்பட்ட குடும்பங்களின் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். மற்றவர்கள் வந்தால் வரட்டும்.

தனிப்பிள்ளை உதவி தெளிவாக வெல்லும் இடமும் உண்டு. ஊர்ப் பள்ளியை முடித்து, தொலைவில் இருக்கும் மேல்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளைக்கு மாலை மையத்தால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. பயணச் செலவு, விடுதி, வீட்டுக்கு வராமல் போகும் கூலி எல்லாமே பணப் பிரச்சினைகள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் ஏழைக் குடும்பங்களுக்குப் பணம் கொடுக்க மெக்சிகோ 1997-இல் தொடங்கிய புரோகிரேசா திட்டத்தில் உயர்வகுப்புகளுக்குத் தொகையைக் கூட்டிக் கொடுத்தார்கள், அதிலும் பெண்பிள்ளைகளுக்குக் கூடுதலாக. தொடக்கப்பள்ளியிலிருந்து இடைநிலைக்குப் போகும் கட்டத்தில்தான் அதன் பலன் அதிகம் தெரிந்தது.

மாற்றுத்திறன் பிள்ளைகள் விஷயத்தில் எங்கள் அனுபவம் மிகக் குறைவு. இரண்டில் எது அவர்களுக்கு நல்லது என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. பெற்றோரோடு வேலை தேடி இடம்பெயரும் பிள்ளைகளுக்கு எங்கள் மையம் அரைகுறையாகத்தான் உதவுகிறது. திரும்பி வரும்போது விட்ட இடத்திலிருந்து தொடர முடிகிறது, அவ்வளவுதான்.

இப்போதைக்கு எங்கள் ஏற்பாடு இப்படி: திரட்டும் பணத்தில் பெரும்பங்கு மையத்துக்கு. ஒரு சிறு பங்கைத் தனியாக வைத்து, மேல்நிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் பயணத்துக்கும் கட்டணத்துக்கும் கொடுக்கிறோம். யாருக்கு என்பதை மையத்தை நடத்தும் பெண்களும் பெற்றோர் சிலரும் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். கொடுப்பவர்களுக்குப் பிள்ளையின் பெயரோ படமோ அனுப்புவதில்லை. அதனால் சிலர் கொடுப்பதை நிறுத்திக்கொண்டார்கள்.